மாமனுக்குப் பின் மருமகன்

பாறசாலை,
ஆவணி, 1996.

அன்புள்ள மகனுக்கு,

எழுத நினைப்பவை:
1. என் நோய்.
2. டாக்டர் சொன்ன காரணம்.
3. நீ பயப்பட வேண்டியதில்லை என்பது.

புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்று முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து.

செல்கள் அளவுமீறிப் பெருகாமல் தடுக்கும் மரபணுக்கள் நமக்குள் உண்டாம். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. இரண்டும் கெட்டால் புற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. என் தாய்மாமாவும் இதே நோயில் இறந்ததால், கெட்ட பிரதி ஒன்று எனக்குப் பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். உறுதியில்லை.

நம் குடும்பத்தில் முன்பு மாமாவின் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குத்தான் போகும். உன் அம்மை அதையே பிடித்துக்கொண்டாள். "மாமனுக்குள்ளது மருமவனுக்காக்கும் போவும். எனக்க பிள்ளைக்கு ஒண்ணும் வராது." நானும் நம்பி, அக்காள் மகனை மட்டும் எச்சரித்தேன்.

இதுவரை எழுதிவிட்டு, இன்று நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சாரே, இது வஸ்து, சொத்து பாகம் வைக்கியதல்ல. மகனுக்கு மரபணு பாதி உங்ககிட்ட இருந்தாக்கும்."

அந்தக் கெட்ட பிரதி உனக்கு வந்திருக்கிறதா என்று அறியச் சோதனை எதுவும் இல்லையாம். நாற்பது வயதிலிருந்து வருடந்தோறும் டாக்டரைப் பார். அம்மையிடம் நான் சொல்லவில்லை.

மூன்றாவதாக எழுதியது தவறு, மக்கா.

உன் அப்பா