மூன்றாம் விசிறியின் சந்தனம்

அன்புத் தங்கை ஸ்டெல்லாவுக்கு,

1. இதை எழுதும் நான், உனக்கு மூத்தவனாகப் பிறந்த அருளப்பன், திண்டுக்கல்லில் வழக்கறிஞர்.

2. நீ காய்ச்சலில் இறந்தாய் என்பதையும், உன்னை அடக்கம் செய்தபோது நான் அருகில் நின்றேன் என்பதையும் முழு உணர்வோடு அறிவேன்.

3. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

நீ சமர்ப்பிக்காமல் விட்டுப்போன முனைவர் பட்ட ஆய்வேடு என் மேசைக்கு வந்தது. ஓர் ஆலையின் இயந்திரங்களில் எதைப் பழுது பார்ப்பது, எதற்கு எப்போது ஓய்வு கொடுப்பது என்பதுதானே உன் ஆய்வு? எரியோடு சாலை நூற்பாலையில், நூல் அறாதிருக்க ஈரக்காற்று அனுப்பும் விசிறிகளைப் பற்றிய அத்தியாயத்தில், மூன்றாம் விசிறியின் அச்சைத் தாங்கும் பேரிங் உடையப் போகிறது என்று எழுதியிருந்தாய். அது உடைந்து இறக்கை பறந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் நூல் இழுக்கும் பெண்களின் மேல்தான் விழும்.

ஆலை மேலாளர் அதை ஏற்கவில்லை. "எங்க ஆள் அளந்து பாத்துட்டாரு சார், ஃபேன் நல்லாத்தான் இருக்கு. அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் நீக்கிட்டு வாங்க, மத்ததுக்கு அனுமதி தர்றோம்" என்றார். அப்படி நீக்க, குடும்பத்தின் சார்பில் நான் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். இட்டால் உனக்குப் பட்டம். பேனாவை எடுத்தேன், ஸ்டெல்லா. ஆனால், பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்திடுவது எனக்குப் பழக்கமில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் விசிறி அறைக்குப் போனேன். பொறுப்பாளர் முத்துக்கருப்பன் கதவைத் திறக்கவே தயங்கினார்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எல்லா பேரிங்குக்கும் சந்தனம் அப்புவோம்யா. ஸ்டெல்லாம்மா அதிர்வ அளக்கும்போது, கருவி ஒட்டுற எடத்துல மட்டும் பொட்டளவு வழிச்சிரும். நான் சத்தம் போடுவேன், அது சிரிக்கும்."

"சரி, அதுக்கென்ன?"

"அது போனப்புறமும் வழிச்சிருக்குய்யா. மூணாம் ஃபேன்ல மட்டும். நானும் திரும்பத் திரும்ப அப்புறேன்."

"நீங்களே வழிச்சிருப்பீங்க."

"சாமிக்கு வச்சதுல கை வைப்பேனா? சாவியும் என் இடுப்புலதான் கெடக்கு."

உள்ளே போனோம். மற்ற விசிறிகளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மூன்றாவதில், பொட்டளவு இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அதன் ஓரம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. இது நான் கண்டது.

ஆலையின் ஆள் இதுவரை சந்தனப் பற்றின் மேலேயே கருவியை ஒட்டி அளந்திருக்கிறார். அதிர்வு அதில் அமுங்கிவிட்டது. அவரை வரவழைத்து, அந்த வெற்று இரும்பில் ஒட்டச் சொன்னேன். முள் கடைசிவரை ஓடியது. விசிறியை நிறுத்திப் பிரித்தபோது, பேரிங்கின் உள்வளையம் குறுக்காக விரிசல் விட்டிருந்தது.

சுவருக்கு அப்பால் வேலை செய்யும் பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள். "செத்தும் வேலைய விடல பாருங்க உங்க தங்கச்சி" என்று சிரித்தாள்.

உன் அத்தியாயம் ஒரு சொல் குறையாமல் நின்றது. பட்டமளிப்பில் உன் பெயரை வாசித்தார்கள். நான் மேடையேறி வாங்கினேன். கைதட்டல் ஓய்ந்த பிறகும், எனக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது போலிருந்தது. இதை நான் சாட்சியமாகச் சொல்லவில்லை.

நேற்று முத்துக்கருப்பன் என் அலுவலகத்துக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இப்ப அஞ்சாவதுலய்யா" என்றார்.

யார் வழிப்பது என்று இனி நான் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் நீ ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறாய்? நீ விட்டுப்போனால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற பயமா?

வாக்களிக்கிறேன்: திங்கட்கிழமை அந்த ஐந்தாம் விசிறியைப் பிரிக்கும்வரை ஓடவிடமாட்டேன். அதன்பின் சனிக்கிழமைதோறும் நானே போய், ஒவ்வொரு பேரிங்கிலும் பொட்டளவு வழித்து, கருவி ஒட்டுவதை நின்று பார்ப்பேன். முத்துக்கருப்பன் ஏசினால் ஏசட்டும். நீ உறங்கம்மா.

இப்படிக்கு,
உன் அண்ணன்
அருளப்பன்

சாட்சிகள்:
முத்துக்கருப்பன், விசிறி அறைப் பொறுப்பாளர்
பாண்டியம்மாள், நூற்புத் தொழிலாளி