படுக்கையறையின் இரண்டு நீலங்கள்

அன்பு மகளுக்கு,

உன்னைப் பெற்ற பெருமையை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, உன்னைக் கெடுத்த பெருமையை மட்டும் தன்னிடம் வைத்திருக்கும் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோருடைய உடம்பும் அதனதன் இடத்தில் இருக்கிறது, உன்னுடையதும் அப்படியே இருக்கிறதா என்று மறுதபாலில் உறுதி செய்யவும். உன் அப்பா முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே தினமும் நான்கு தெரு நடக்கிறார், அவர் எங்கே போய் உட்கார்ந்துவிட்டாரோ என்று தேடி உன் அம்மா ஐந்து தெரு நடக்கிறாள், ஆகவே இருவர் ஆரோக்கியத்துக்கும் குறைவில்லை. உன் அப்பா ஒரு கடிதம் எழுதி முடிப்பதற்குள் நீ ஓய்வு பெற்றுவிடுவாய் என்பதால் குடும்பத்தின் செய்தித் துறையை நானே ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு போ, அழகு கெடாது.

இப்போது தலைப்புச் செய்தி. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். உன் சித்தி, தனக்கு விடை தெரிந்த ஒரு கேள்விக்கு, நாற்பது நிமிடம் விடை சொல்லாமல் இருந்தாள். மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த அடுத்த பெரிய விஷயம் இதுதான். இதற்கெல்லாம் காரணம் நீ. அங்கே உட்கார்ந்து கணக்கு ஆசிரியர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று கற்பிக்கிறவள், அந்த வித்தையை அங்கேயே வைத்துக்கொள்ளாமல், போனில் உன் சித்திக்கும் ஓதிவிட்டாய். விகிதத்தைச் சூத்திரமாக் குடுக்காதீங்க சித்தி, ஒரு கணக்கைக் குடுத்துட்டு ஒதுங்கி நில்லுங்க, பிள்ளைங்க தப்புப் பண்ணட்டும், சண்டை போடட்டும், அவங்களே கண்டுபிடிக்கட்டும் என்றாயாம். சித்தி நேராகப் போய்த் தன் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சொன்னாள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் கடிகாரத்தைத் தவிர வேறு யாரையும் நம்பாதவர். ஒரு பாடவேளை தர்றேன் டீச்சர், சுத்துவட்டாரக் கணக்கு ஆசிரியர்கள் பதினாலு பேரைக் கூப்பிட்டுப் பின்னாடி உக்கார வைக்கிறேன், பிள்ளைங்க தானா விடைக்கு வந்துட்டா மாதாமாதம் ஆசிரியர் கூட்டத்தை நீங்களே நடத்துங்க, வரலைன்னா திங்கட்கிழமையிலேர்ந்து பழையபடி சூத்திரம்தான், இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் சித்தி சிரிக்கவில்லை. பிள்ளைங்க விடையைச் சரியா எழுதுறாங்க, ஏன்னு கேட்டா மட்டும் சுவரைப் பாக்குறாங்க, இது கெட்டுப்போச்சுன்னா ஓய்வு பெறுற வரைக்கும் நானும் சுவரைத்தான் பாக்கணும் என்றாள்.

அப்புறம் தொடங்கியது ஒத்திகை. மாணவன் யார் என்று கேட்கிறாயா, இந்த அப்பாவிதான். பதினைந்து நாள் நான் தப்பாகப் பேச வேண்டும், அவள் திருத்தக் கூடாது, எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்று மட்டும்தான் கேட்க வேண்டும். இப்படி ஒரு வாய்ப்பு எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு இதுதான் சரியான பக்கம் என்றேன், எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்றாள். உப்பை எடுத்து டீயில் போட்டுச் சர்க்கரை என்றேன், அதற்கும் அதையே கேட்டாள், கேட்டுவிட்டு நான் குடிக்கும்வரை காத்திருந்தாள். மூன்றாம் நாள் அவள் முகம் விசில் வராத குக்கர் மாதிரி ஆகிவிட்டது, பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா வந்து டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

நீ அனுப்பிய கணக்கில் பழச்சாறு இருந்தது. வீட்டில் பெயிண்ட் சாம்ராஜ்யம் நடக்கும்போது சாறு எதற்கு என்று சித்தி அதைப் பெயிண்ட் கணக்காக மாற்றினாள். மூன்று குவளை வெள்ளையும் இரண்டு குவளை நீலமும் கலந்தால் ஒரு நிறம் வருகிறது, கையில் ஒன்பது குவளை வெள்ளை இருக்கிறது, அதே நிறம் வர எத்தனை குவளை நீலம் வேண்டும். எண்களை அவளே எழுதினாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வருடமாகச் சுவர்களை ஆள்கிற என்னைக் கேட்காமலா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இருந்தாலும் பெருந்தன்மையோடு வாளி, பிரஷ், நாலு பலகை எல்லாம் சுமந்துகொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் அமர்ந்தவர் சூத்திரம் சார். இருபத்தாறு வருடமாகக் குறுக்கே பெருக்கு, கீழே வகு என்று சொல்லிச் சொல்லி, அவர் தும்மினால்கூட அந்தத் தாளத்தில்தான் தும்முவார்.

ஏழாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். அதில் இருபத்தேழு பேர் எட்டு என்றார்கள். வெள்ளை ஆறு கூடியிருக்கிறது, அதனால் நீலமும் ஆறு கூட வேண்டுமாம். என்ன அறிவுள்ள பிள்ளைகள் என்று நான் தலையாட்டினேன், சூத்திரம் சாரிடம் எட்டுதானே என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் துடைத்து முடிக்கவில்லை. மிச்சம் நாலு பேர் ஆறு என்றார்கள். சித்தி இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்றாள், அவ்வளவுதான், வகுப்பறை சந்தையாகிவிட்டது. தலைமை ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். சூத்திரம் சார் தாங்க முடியாமல் பாதி எழுந்தே விட்டார், சித்தி ஒரு பார்வையில் அவரை உட்காரவைத்தாள். அவள் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி மூன்று துண்டாகிக் கீழே விழுந்ததை நான் பார்த்தேன். இருபது நிமிடம் போனது. எனக்கே வியர்த்தது. கடைசியில் சித்தி, இதைச் சோதிச்சுப் பாக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். கலந்து அடிச்சுப் பாத்துரலாம் டீச்சர் என்றது ஒரு கூட்டம். அடித்தார்கள். முதல் பலகையில் மூன்றுக்கு இரண்டு, இரண்டாவதில் ஒன்பதுக்கு எட்டு, மூன்றாவதில் ஒன்பதுக்கு ஆறு. மின்விசிறிக்கு அடியில் வைத்தார்கள். எட்டு போட்ட பலகை தனியாகக் கறுத்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்து, மூணு வெள்ளைக்கு ரெண்டு நீலம், அதையே மூணு தடவை ஊத்துறோம், ஒரே கலவையை எத்தனை தடவை ஊத்துனாலும் நிறம் எப்படி மாறும் என்றாள். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எட்டு என்று கூரை பறக்கக் கத்தியவனே எழுந்து, அந்தக் கெட்டுப்போன வாளியைக் கொட்ட வேண்டாம், நீலத்தைத் திருப்பி எடுக்க முடியாது, ஆனா வெள்ளை சேக்கலாமே, எட்டு நீலம்னா நாலு தடவை, அதுக்குப் பன்னெண்டு வெள்ளை வேணும், இன்னும் மூணு குவளை ஊத்துங்க என்றான். ஊற்றி நாலாவது பலகையில் அடித்தார்கள். அதே நிறம், மகளே. கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்தாள். சூத்திரம் சார் நேராகப் போய் அந்த நாலாவது பலகையைத் தொட்டுப் பார்த்தார், விரல் நீலமானதுகூட அவருக்குத் தெரியவில்லை, இதை நான் ஒரு தடவைகூடப் பிள்ளைங்ககிட்ட கேட்டதில்லையே என்றார். தலைமை ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்க மறந்து, அடுத்த மாதக் கூட்டம் டீச்சர் பொறுப்பு என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள், என்னைத் தவிர. நான் எட்டு போட்ட அந்தக் கறுத்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நீலம் எனக்குத் தெரியும். பதினொரு வருடமாகக் காலையில் கண் திறந்ததும் நான் பார்க்கிற நீலம் அது. எங்கள் படுக்கையறையில் ஜன்னல் சுவர் ஒரு நிறம், மற்ற மூன்று சுவர் வேறு நிறம், ஏன் என்று நீ கூட ஒரு தடவை கேட்டாய். வெயில் பட்டு வெளுத்தது என்றேன். பிறகு ஈரம் என்றேன். பிறகு டப்பா செய்கிறவர்களின் சதி என்றேன். உண்மை என்னவென்றால், தொழிலில் கலப்பது எப்போதும் என் கூட்டாளி, நான் ஏணி மேலே நின்று உலகத்தை ஆள்கிறவன், வீட்டுக்கு அடித்த அன்று அவன் வரவில்லை. ஜன்னல் சுவருக்கு அவன் எழுதிக் கொடுத்தபடி மூன்று டப்பா வெள்ளை, இரண்டு டப்பா நீலம். மற்ற சுவர்களுக்கு நானே புத்தியைச் செலவழித்து, வெள்ளையிலும் ஆறு, நீலத்திலும் ஆறு கூட்டி, ஒன்பதுக்கு எட்டு. கை தட்டலுக்கு நடுவில் சித்தி என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, ஒன்பது என்கிற எண்ணை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். அந்த மூணு சுவருக்கும் பெயிண்ட் அடிச்ச அன்னைக்கே பின்பக்கம் கிடந்த காலி டப்பாவை எண்ணிட்டேங்க என்றாள். பதினொரு வருடமாக ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்களா கண்டுபிடிப்பீங்கன்னு காத்திருந்தேன் என்றாள். நாற்பது நிமிடம் தாக்குப்பிடிப்பாளா என்று நான் யாரைப் பற்றிக் கவலைப்பட்டேனோ, அவள்.

நாளைக்கே சுவரைச் சரிசெய்கிறேன் என்றேன், தொடக் கூடாது என்று உத்தரவு. அடுத்த மாதம் பதினான்கு ஆசிரியர்களும் அதைப் பார்க்க வருகிறார்களாம், சூத்திரம் சார் அளவு நாடா கொண்டு வருகிறாராம். உன் சித்தப்பாவின் தவறு பாடமாகிவிட்டது, பரம்பரைக்கே பெருமை. நீ வேலை செய்கிற இடத்தில் இதைச் சொல்லிக்கொள், ஆனால் ஊர் பேர் தெரியாத ஒருவர் என்று சொல். நீயும் உன் ஆசிரியர்களும் நீண்ட ஆயுளோடும் கறைபடாத கையோடும் இருக்க என் ஆசிகள், உன் அப்பா அம்மாவின் ஆசிகளையும் இதிலேயே கலந்திருக்கிறேன், அளவு சரியாகத்தான் இருக்கும். காதை மூட மறக்காதே. இன்னொன்று, இது ரகசியம். எனக்கும் சித்திக்கும் கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம் ஆகிறது. வேறு எதையெல்லாம் தெரிந்துகொண்டே, நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள் என்று உன்னிடம் எப்போதாவது சொல்லியிருந்தால், மறுதபாலில் எழுது, நான் முந்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்று சுவர் நீலத்தில் தினமும் கண் விழிக்கும்
உன் சித்தப்பா