டெர்விலா சொன்னது

குளோய்ன்
பிப்ரவரி 9

அன்பு மகள் ஆர்லாவுக்கு,

நானும் அப்பாவும் நலம், கன்று ஈன்ற மாடுகளும் நலம். லைடன் குளிரில் உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன், விடவில்லையென்றால் ஈரத்தில் சைக்கிளை எடுக்காதே.

நீ அனுப்பிய ஆய்வேட்டு அத்தியாயத்தை அடுப்படி மேசையில் வைத்துப் படித்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "மேசையே கிடையாதுன்னு எழுதுறவளுக்கு நான் எதுக்கு மேசை வாங்கிக் குடுத்தேன்?" என்றார். நீ ஆராய்கிற தத்துவஞானி, முந்நூறு வருஷத்துக்கு முன் நம் ஊரில் இருந்த பிஷப், மேசை இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை, நாம் பார்க்கிற, தொடுகிற மேசைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத ஜடப்பொருள் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் மறுத்தார் என்றேன். "அப்ப மாடு இருக்கு, கறக்கலாம்" என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதினான்கு பக்கத்தில் பதினோரு இடத்தில் டெர்விலாவின் பெயர். போனிலும் உனக்கு 'டெர்விலா சொன்னாங்க, டெர்விலா சூப் வச்சுக் குடுத்தாங்க' என்றே பேச்சு. கார்க் கல்லூரியில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் இன்று உன் பேராசிரியர். நீ வயிற்றில் வந்ததும் நான் படிப்பை விட்டேன், அவள் விடவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்வேன். 'ஒளிந்திருக்கும் பொருளை எடுத்துவிட்டால் சந்தேகவாதிக்குச் சந்தேகப்பட எதுவும் மிஞ்சாது' என்பதை அவள் வரியாக எழுதியிருக்கிறாய், அது என் வரி, இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். திருடிவிட்டாள் என்று உனக்குக் காட்டப் பரணேறி என் பழைய நோட்டை எடுத்தேன். ஆமாம், நீ அதைக் கேட்டபோது மழையில் நனைந்து போனது என்று சொன்னது பொய். உனக்குக் கொடுத்தால் அவள் கைக்குப் போகும் என்றுதான் கொடுக்கவில்லை.

வரி இருந்தது, என் கையெழுத்தில். ஓரத்தில் பென்சிலால், 'இன்று காண்டீனில் டெர்விலா சொன்னது' என்றும் இருந்தது. அதுவும் என் கையெழுத்துதான். அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கத்தரிக்கோல்கூட எடுத்தேன், மறைப்பானேன்.

நோட்டு முழுசாக இத்துடன் வருகிறது, அவளுக்கும் காட்டு. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருப்பது மட்டும் நான் யோசித்தது. ஓரத்தில் யார் பெயரும் இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

கடவுள் உன்னை உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வா, சூப் எனக்கும் வைக்கத் தெரியும்.

உன் அம்மா,
ஃபிடெல்மா