முதுகில் இரண்டு கட்டைவிரல்

என்னங்க,

நீங்களும் அத்தையும் குட்டியும் நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான் இன்னும் இறங்கவில்லை.

நேற்று பிரசவ வார்டில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகியிருந்தது. வெந்நீர்த் துணி வைத்து, அக்குளிலிருந்து காம்பை நோக்கி விரலால் மெல்ல நீவக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கணவன் பால்பவுடர் டப்பாவோடு வந்து நின்றான்.

“இவளுக்குப் பாலே இல்ல சிஸ்டர், விடுங்க.”

கட்டிக்கிடப்பது பால்தான் என்பதுகூடத் தெரியவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்!

“டப்பாவக் கீழ வைங்க. கையக் கழுவிட்டு வாங்க!”

அவள் முதுகுத்தண்டின் இரு பக்கமும் அவன் கட்டைவிரல்களை வைத்து, மேலிருந்து கீழே சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் தளர்ந்தது. பால் கசிந்து அவள் சட்டை நனைந்தது. வார்டில் கத்தியதற்குத் தலைமை நர்சிடம் திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். கவலைப்படாதீர்கள்.

உண்மையில் அது உங்களிடம் கத்த வேண்டியது. குட்டி பிறந்தபோது எனக்கும் இப்படித்தான் கல்லாகியிருந்தது. “பால் இல்லாதவ” என்று அத்தை சொன்னார்கள். நீங்கள் கதவோரம் நின்று செல்போனைப் பார்த்தீர்கள். அப்போது இதெல்லாம் எனக்கும் தெரியாது, நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையும் வலித் தைலமும் கொடுத்தனுப்புங்கள். ஊரார் முதுகையெல்லாம் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன், என் முதுகு எனக்கு எட்டவில்லை.

அடுத்த மாதம் உங்கள் தங்கைக்குப் பிரசவம். அத்தை அதே வார்த்தையை எடுத்தால் கதவோரம் நிற்காதீர்கள். மாப்பிள்ளையைக் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள்.

டியூட்டிக்கு மணியாகிவிட்டது.

குட்டியின் அம்மா