புளி மண்டி விலாசம்

அன்பு மகள் இளவரசிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணன் ஜீவானந்தமும் அண்ணி வசந்தியும் நல்ல சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நல்ல சுகம் என்று எழுதியிருப்பதை வழக்கமான வரி என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன், ஏன் என்று போகப்போகத் தெரியும். சாமை அறுத்துக் களத்தில் காய்கிறது. மழை கடைசியில் ஏமாற்றப் பார்த்தது, பிறகு என்ன நினைத்ததோ நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டது. வசந்திக்கு ஐந்தாம் மாதம். வீடு நிறையப் புளி இருக்கிறது, அவளுக்கு நெல்லிக்காய்தான் வேண்டுமாம், உன் அண்ணன் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காடு காடாக அலைகிறான். புனேயில் குளிர் ஆரம்பித்திருக்கும், போன வருஷம் வாங்கிய ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள். கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கப்போவதில்லை, அதனால் பயப்படாமல் முழுக்கப் படி.

நீ அண்ணன் போனுக்கு அனுப்பிய உங்கள் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை அவன் திருப்பத்தூரில் காகிதத்தில் எடுத்து வந்து கொடுத்தான். பதினெட்டுப் பக்கம். அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில் ஒரு வாரமாகப் படித்தேன். நம் நாட்டில் எச்.ஐ.வி. பற்றி இத்தனை வருஷத்தில் யார் யார் என்னென்ன ஆராய்ச்சி செய்தார்கள், எது வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டு வந்தது, எதை யாருமே தொடாமல் விட்டார்கள் என்று நீங்கள் நாலு பேர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைச் சாமையில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்திருக்கிறீர்கள். என் வயிற்றில் பிறந்தவளா இது என்று இருந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு கோடு இடது பக்கம் தாழ்வாகக் கிடந்து வலது பக்கம் போகப்போக மேலே ஏறுகிறதே, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் எது என்று தேடி அதன்மேல் விரலை வைத்தேன், கோடு அங்கே இன்னும் பாதிகூட ஏறவில்லை. அப்புறம் இன்னொரு வருஷத்தின் மேல் விரலை வைத்தேன். அது என்ன வருஷம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று கத்த வேண்டும், இது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை.

போன மாதம் அந்தப் பாறைமேல் நின்றுதான் உன்னோடு பேசினேன், பக்கத்தில் இன்னும் நாலு பெண்கள் அவரவர் பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருந்தார்கள். உங்கள் அட்டவணையில் மலைவாழ் மக்கள் என்ற பகுதியில் நம் ஜவ்வாது மலை வரிசை மட்டும் காலியாக இருக்கிறது, ஒரு குழு வந்து கீழே ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பார்த்துவிட்டு மலை விலாசத்தில் ஒருவர்கூட இல்லை என்று எழுதியிருக்கிறது என்று சொன்னாய். ஆள் இல்லாத இடத்துக்கு வரிசை எதற்கு, எடுத்துவிடுங்கள் என்று உங்கள் தலைவர் சொல்கிறாராம். அடுத்து எங்கெங்கே ஆராய்ச்சி என்று அடுத்த மாதக் கடைசிக் கூட்டத்தில் முடிவாகும், இப்போது விட்டால் இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த மலைப் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள் என்றாய். தகவல் இல்லை என்பதும் ஆள் இல்லை என்பதும் ஒன்றா என்று அவரோடு மல்லுக்கட்டினாயாம், அதைக் கேட்டு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு என்னிடம், ‘அம்மா, நெஜமாவே நம்ம மலையில யாருக்கும் இல்லியா’ என்று கேட்டாய். நான், ‘நம்ம ஜனங்களுக்கு அதெல்லாம் ஏதுடி, போய் வேலையப் பாரு’ என்று சொல்லிவிட்டு டவர் போன மாதிரி போனை அணைத்துவிட்டேன். டவர் போகவில்லை. நான் சொன்னது பொய்.

எனக்கு இருக்கிறது இளவரசி. பதினாறு வருஷமாக இருக்கிறது. நான் விரல் வைத்த இரண்டாவது வருஷம் நான் மாத்திரை ஆரம்பித்த வருஷம். உன் அப்பா ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலைக்குப் போய் எட்டு மாதம், பத்து மாதம் என்று வடக்கே சுற்றிவிட்டு வருவாரே, கடைசியில் வந்தபோது எலும்பாக வந்தார். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம், உனக்கும் அப்படித்தான் சொன்னேன், உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் போன பிறகு உங்கள் இரண்டு பேரையும் ரத்தசோகை பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கீழே கூட்டிப்போனேனே, ஊசிக்குப் பயந்து நீ ஆஸ்பத்திரி வாசலில் அழுது, உனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேனே, அது ரத்தசோகைக்கு இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்னபோது நான் அந்த வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இருப்பது அப்போது பெரிதாகவே படவில்லை. அவர்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். இரண்டு வருஷம் அவர் படத்துக்குப் பூ வைக்கவில்லை, நீ கேட்டபோதெல்லாம் பூ கிடைக்கவில்லை என்றேன். இப்போது கோபம் இல்லை. அவருக்கே தெரியாமல்தான் கொண்டுவந்தார், தெரிந்த பிறகு என் முகத்தைப் பார்க்காமலே செத்துப்போனார். நீயும் அவர்மேல் கோபப்படாதே, கோபப்பட வேண்டுமென்றால் உன்னிடம் மறைத்த என்மேல் படு, அதற்கு உனக்கு உரிமை உண்டு.

மாத்திரை டப்பா குலுங்கினால் சத்தம் கேட்கும் என்று சாமைப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தேன். முதலில் இரண்டு வேளை, தலை சுற்றும், கனவு கனவாக வரும். இப்போது ஒரே ஒரு மாத்திரை, சாப்பிட்டுவிட்டு நான் பாட்டுக்கு வேலை பார்க்கிறேன். போன முறை ரத்தம் எடுத்ததில் வைரஸ் கணக்கில் பிடிபடாத அளவுக்குப் போய்விட்டது என்று எழுதி வந்திருக்கிறது. இத்தனை நாள் அதை ஏதோ அரசாங்கம் தருகிறது, நாம் விழுங்குகிறோம் என்றுதான் நினைத்தேன். உன் அறிக்கையைப் படித்த பிறகு அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எத்தனை பேர் ராப்பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள், முகம் தெரியாத எத்தனை ஜனங்கள் என்மேல் சோதித்துப் பாருங்கள் என்று கை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறார்கள், அது எல்லாம் சேர்ந்து இந்த மலையில் ஒரு அங்கன்வாடி டீச்சர் தொண்டைக்குள் இறங்குகிறது. எனக்கு யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை, மாத்திரையையே ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டேன், சிரிக்காதே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக எனக்கு முழங்கால் நோகிறது, வயசா, மாத்திரையா, மேடு ஏறி இறங்குவதா என்று கேட்டால் கீழேயும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஐம்பதைத் தாண்டிய பெண்களைப் பற்றி நம் நாட்டில் பார்த்தவர்கள் குறைவு என்று பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். எனக்குத்தான் விளங்கவில்லை என்று இருந்தேன், தேசத்துக்கே விளங்கவில்லை என்று தெரிந்ததும் மனசு என்னவோ லேசாகிவிட்டது.

சரி, இப்போது பதினான்காம் பக்கத்துக்கு வா. திருப்பத்தூரில் ஒரே தெருவில் மட்டும் பதினோரு பேர் இருக்கிறார்கள், காரணம் தெரியவில்லை என்று அந்தக் குழு எழுதியதை எடுத்துப் போட்டு நீ பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறாயே. தெருப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்று எழுந்துவிட்டது. அந்தத் தெருவில் என்ன இருக்கிறது, கோபால்சாமி அண்ணனின் புளி மண்டி இருக்கிறது. நம் ஆட்களுக்கு இருப்பது ஒரு விலாசம், எழுதுவது ஒரு விலாசம் என்று உனக்குத் தெரியாதா. தபால் மலை ஏறாத காலத்திலிருந்து யார் எங்கே விலாசம் கேட்டாலும் புளி போடுகிற மண்டியைத்தான் சொல்வோம், புதூர்நாட்டில் போஸ்ட் ஆபீஸ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை, உன் காலேஜ் கடுதாசிகூட மண்டிக்குத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் வாய் தானாக அதைத்தான் சொன்னது. சொன்ன பிறகு இதுவே நல்லது, மேலே யாரும் தேடி வரமாட்டார்கள் என்று எல்லாரும் அப்படியே விட்டுவிட்டோம். மாதம் ஒரு தடவை ஜீப்பில் ஒன்றாகத்தான் இறங்குவோம், கீழே போவதற்குச் சாக்கு வேண்டுமே என்று ஆளுக்கு ஒரு சின்ன மூட்டைப் புளி கொண்டுபோவோம், ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருவரை ஒருவர் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருப்போம், திரும்பி வரும்போது அதே ஜீப்பில் பலாக்காய் பேச்சு பேசிக்கொண்டு வருவோம். புளிக் காலம் முடிந்து ஆடி மாதத்தில் புளி கொண்டுபோனாலும் கோபால்சாமி அண்ணன் ஏது என்று கேட்டதில்லை. மாத்திரை வாங்க வராதவர்களைத் தேடி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, இத்தனை பேரும் இங்கேயா இருக்கிறார்கள் என்று கேட்டபோது, ‘எல்லாம் எங்க வூட்டு ஆளுங்கதான், நான் சொல்லி அனுப்புறேன், நீ போப்பா’ என்று சொல்லி அனுப்பினாராம். மனுஷர் பதினாறு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினோரு பேரும் நாங்கள்தான் இளவரசி. பெற்றவள் என்று தெரியாமலே என்னையும் எண்ணிக் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். அந்தக் குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, சிரிப்பு எப்போது அழுகையானது என்றும் தெரியாது.

மூன்று நாள் யோசித்தேன். பயம் இல்லாமல் இல்லை. என் கையால் சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிற இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன், நாளைக்கு ஒருவர் வாய் தவறினால் அங்கன்வாடி காலியாகிவிடும், என் வேலையும் போனாலும் போகும். ஆனால் அங்கே நீ ‘ஆள் இல்லை’ என்பதற்கு எதிராகச் சண்டை போடுகிறாய், இங்கே நானே ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அது எனக்குப் பொறுக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை கீழே போய் அங்கே ஆலோசனை சொல்கிற ரேணுகாதேவி அம்மாவிடம், என் விலாசத்தை மாற்ற வேண்டும் என்றேன். அந்த அம்மா கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, ‘உங்க ஊர் பேரே இதுல இல்லியேம்மா, இதுவரைக்கும் யாருமே வந்ததில்லையே’ என்றார். ‘வந்துருக்கோம்மா, சொன்னதுதான் இல்ல’ என்றேன். அந்த அம்மா எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். இருபது வீடு இருக்கிற நம் ஊர் அத்தனை பெரிய ஆஸ்பத்திரியின் கணக்கில் ஏறி நிற்கிறது, அதன் எதிரே ஒன்று என்று இருக்கிறது, அந்த ஒன்று நான். திரும்பும்போது மண்டிக்குப் போய், அண்ணா இனிமேல் என் விலாசம் இங்கே இல்லை என்று மட்டும் சொன்னேன். ‘இன்னாம்மா மங்கம்மா, வூட்டைக் காலி பண்ணிட்டியா’ என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு புளித் தூசி என்றார். ஐப்பசியில் மண்டியில் ஏது தூசி.

ஜீவானந்தத்திடம் நேற்றுச் சொன்னேன். ஜீப் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான், கடைசியில், ‘சாப்டியாமா’ என்றான், அவ்வளவுதான். இன்று காலை எனக்கும் நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்தான். ஜீப்பில் வருகிற மற்றவர்களிடமும் பேசினேன், இரண்டு பேர் அடுத்த மாதம் மாற்றுகிறோம் என்றார்கள், ஒருத்தி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், மற்றவர்கள் யோசிக்கிறார்கள். அவர்கள் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதே, அது அவர்கள் சொல்ல வேண்டியது. என் பெயரையும் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த வரிசையை யாரையும் எடுக்க விடாதே. ஆஸ்பத்திரிப் பதிவில் இப்போது மலை விலாசத்தில் ஒருவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று சொல். முடிந்தால் எங்கள் முழங்காலையும் யாரையாவது பார்க்கச் சொல்.

இதைப் படித்துவிட்டு அழுவாய், அழுதுவிட்டுச் சாப்பிடு, சாப்பிடாமல் படுக்காதே. ரயில் ஏறி ஓடி வந்துவிடாதே, கூட்டத்தை முடித்துவிட்டு வா, நான் எங்கேயும் போய்விடமாட்டேன், ஆரோக்கியமாக இருக்கிறேன். நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என் கண்ணே. ஞாபகமாக ஒன்று, பதில் எழுதினால் பழக்கதோஷத்தில் மண்டிக்கு அனுப்பிவிடாதே, கீழே இருக்கிற விலாசத்துக்கு எழுது, வந்து சேரும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கோ. மங்கம்மாள்,
சாமைக்கொல்லை கிராமம்,
புதூர்நாடு,
ஜவ்வாது மலை.