மூன்றாவதில் நின்றுபோன சர்வர்

உன் சர்வர் கம்ப்யூட்டரை நேற்று உன் மனைவி என் பழைய கம்ப்யூட்டர் கடைக்கே விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆட்டோவிலிருந்து இறக்கி மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து உன் வீட்டுச் சாம்பிராணி வாசனை வந்தது.

உனக்கு அதை விற்றவன் நான். பட்டுக் கடை பில்லிங்கில் உட்கார்ந்து நீ சலித்துப்போயிருந்த காலம். ஒரே சர்வருக்குள் பல சர்வர்களைத் தனித்தனியாக ஓடவிடக் கற்றுக்கொண்டால் சென்னையில் வேலை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாய். அங்கே பயிற்சிக்குக் கேட்ட கட்டணம் உன் ஆறு மாதச் சம்பளம்.

"அவங்களாண்ட அழுவுற காசுல பாதி போதும்பா, வூட்லயே போட்டுக் கத்துக்கலாம். பழசு ஒண்ணு பாத்துக் குடு" என்றாய்.

ஒரு கம்பெனி கழித்துப்போட்ட சர்வர் ஏலத்தில் கிடைத்தது. அதில் ரேம் எனும் நினைவகத் தகடுகள் எட்டு இருந்தன. நல்லதாக நான்கைக் கழற்றி வேறொருவருக்கு விற்றேன். அந்த இடத்தில் மூலையில் கிடந்த நான்கைச் செருகினேன். அதில் ஒன்று சந்தேகம் என்று தெரிந்தேதான் செருகினேன். பட்டு நூலை ஈரத்தோடு எடைபோட்டு விற்றுப் பழகிய கை. தொழில் மாறியும் கை மாறவில்லை.

நீ அதைக் கூடத்தில் வைத்து ஓட்டினாய்; வீடே இரைந்தது. "வாலாஜாபாத் ரைஸ் மில்லு உங்க வூட்டுக்கே வந்துட்ச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாராம். உள்ளே இரண்டு சர்வர் ஓடின. மூன்றாவதைத் தொடங்கினால் மொத்தமும் நின்றுபோகும். அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவாய். மறுபடி நிற்கும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை! ஒருநாள் கடைக்கு வந்து கேட்டாய்.

"மெஷின்ல எதனா கோளாறு கீதாபா?"

"மெஷின் கல்லு மாதிரி இருக்குது. உனக்குத்தான் மண்டையில ஏறல."

சிரித்தாய். "வயசாயிடுச்சுல்ல" என்றாய். உனக்கு அப்போது முப்பத்தாறு.

அதே வாரம் சென்னையில் நேர்முகத் தேர்வு. மூன்று சர்வர் சேர்த்து ஓட்டியிருக்கிறாயா என்று கேட்டார்கள். "மூணாவது நிக்குதுங்க, எனக்குத்தான் இன்னும் புரியல" என்று சொல்லிவிட்டு வந்தாய். மறுபடி பில்லிங். போன மாதம் மாரடைப்பில் போகும்வரை அதே நாற்காலி.

நேற்று பார்த்தேன், ரேம் செருகும் இடங்களில் கடைசி இரண்டு காலி. மூடியின் உட்புறத்தில் ஒட்டிய உறையில் இரண்டு ரேம், உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'இதில் ஒன்று கெட்டது. ஜோடியாகத்தான் எடுக்க முடியும்; எடுத்தபின் மூன்றும் ஓடுகின்றன.' கீழே தேதி. தேர்வு முடிந்து இரண்டே மாதம். அதற்குள் அந்த வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. அதன்பிறகு உன்னை வேறு எவனும் கூப்பிடவில்லை. நீயோ என் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டுதான் இருந்தாய்.

"அவருக்கு அப்பவே தெரியும்ணா" என்றார் உன் மனைவி. "போய் கேளுங்கன்னேன். 'கேட்டா இன்னொரு பொய் சொல்லுவான், அத்த வேற நான் கேக்கணுமா'ன்னாரு."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். ஏலத்திலேயே அப்படித்தான் வந்தது என்று சொல்லியிருப்பேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பொய் யோசிக்காமலேயே என் வாய்க்கு வருகிறது.

"ஓடுற மெஷின்மா. இருபதாயிரம் எடுத்துக்கோ" என்றேன்.

"பழைய இரும்புக்கு இன்னா வெலையோ அத்த குடுங்கண்ணா. மேல ஒரு பைசா வாணாம்."

கழிவு எடைபோடும் தராசில் ஏற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தார். இருபத்தாறு கிலோ. கிலோ பதினாறு ரூபாய்.