ஜூம் இல்லாத கேமரா

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. முப்பத்திரண்டு வயசிலும் என்னம்மா பாப்பா என்று நீ சிணுங்குவது இங்கே வரைக்கும் கேட்கிறது, கேட்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நான் சுகம், அப்பாவும் இடது முழங்கால் நீங்கலாகச் சுகம், அந்த முழங்காலைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனை எடுத்துப் படிப்பதுதான் இப்போது அவருடைய முழுநேர உத்தியோகம். அதனால் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில், செக்கிங் மேசையில் சட்டைக் குவியலை ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இந்த மேசைக்கு ஒரு கால் ஆட்டம், சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நீ போன வாரம் கேட்டாய் அல்லவா, கேமரா எப்படிம்மா இருக்கு, மழுப்பாம சொல்லு, பிடிக்கலேன்னா கடையில ரெண்டு மாசம் டைம் இருக்கு, திருப்பிக் கொடுத்துடலாம் என்று. அப்பா பக்கத்தில் இருந்ததால் நல்லா இருக்குடி என்று மட்டும் சொல்லி வைத்தேன். அது பதில் இல்லை. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள், எனக்கோ முப்பது வருஷமாகக் குற்றம் பார்த்தால்தான் சம்பளம். தையல் விட்டுப்போன இடம், காஜா பிசிறு, காலர் ஏற்ற இறக்கம், எது கண்ணில் பட்டாலும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிறவள் நான். உன் கேமராவையும் அப்படித்தான் பார்த்தேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம், உன்னிடம் முழுதாகச் சொல்லாமல் விட்டது, இப்போது சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வாரம் டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போனேன். ஊர் முழுக்க லிஃப்ட் மாட்டி ஓட்டிய மனுஷன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, நான்கு மாடி, இதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவருடைய கால் சட்டென்று நழுவிவிட்டது. நான் முன்னால் நின்றதால் என் மேல் சாய்ந்தார், கீழே விழவில்லை, ஆனால் அதற்கு மேல் ஒரு படிகூட இறங்க மாட்டேன் என்றுவிட்டார். டாக்டரைப் பார்க்காமலே திரும்பி ஏறி வந்துவிட்டோம். அன்றைக்கு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. புதுக் காலு என்னைக் கைவிட்டிருச்சு, இனிமே அதை நம்ப மாட்டேன் என்று ஒரே பேச்சு. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண் ஒரு மடக்கு ஸ்கேலை வைத்து முழங்காலை அளப்பாள். எண்பது டிகிரிலயே நிக்குது சார், மூணு மாசத்துக்குள்ள நூத்தஞ்சு டிகிரியாவது மடங்கணும், இல்லேன்னா மறுபடி மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்கணும் என்று சொல்லிவிட்டாள். அவள் முன்னால் தலையை ஆட்டுவார், அவள் போனதும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பாப்பா, நான் சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன், உனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அங்கிருந்து லீவில் வந்த உன் சிநேகிதி கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னலில் இருந்தபடியே பொழுது போகட்டும் என்று நீ அனுப்பினாய், எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது, நடக்க வேண்டிய மனுஷனை நாற்காலியிலேயே உட்கார வைக்க இதுவும் ஒரு சாக்கா என்று. அன்றைக்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்து, கேமரா மேலேயே அம்பு ஒட்ட ஆரம்பித்தேன். விலை கூடிய சாமான் என்பது பெட்டியைத் திறக்கும்போதே தெரிந்தது, ஆனால் இவ்வளவு விலைக்கு ஜூம் இல்லை, அதற்கு ஒரு அம்பு. ஃபிளாஷ் இல்லை, அதற்கு ஒன்று. உடம்பு முழுக்க வழவழ என்று சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது, கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டாமல் தொடவே கூடாது. இருநூறு படம் எடுப்பதற்குள் பேட்டரி காலி. பின்னால் இருக்கும் திரை எந்தப் பக்கமும் சாயாது, மெனு எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருக்கிறது, வயசானவர்கள் படம் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்களா? அப்பா பார்த்துவிட்டு, அம்மை போட்ட மாதிரி ஆக்கிட்டியே, பாவம், என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அடித்த முதல் கேலி அதுதான், நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபிளாஷ் இல்லாத கேமரா எதற்கு உதவும் என்று அவருக்கு நிரூபித்துக் காட்டலாம் என்றுதான் நான் மாடிப்படிக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பல்பு போய் நாலு மாசம் ஆகிறது, கட்டடச் செயலாளர் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், பட்டப்பகலிலும் அங்கே இருட்டு. கையை ஆட்டாமல் நின்று ஒரு படம் எடுத்தேன். பாருங்க, கரேல்னு இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அப்பா கையில் கொடுத்தேன். என் மூக்கு உடைந்தது. விளக்குப் போட்ட மாதிரி அத்தனை படியும் தெரிகிறது, சுவரில் எவனோ பென்சிலால் கிறுக்கியதுகூடத் தெரிகிறது. அப்பா அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார், பிறகு திரையில் ஒரே இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். என்னங்க என்று எட்டிப் பார்த்தேன். திருப்பத்திலிருந்து மூன்றாவது படி, விளிம்புக் கல் ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து போயிருக்கிறது. அவர் கால் நழுவிய அதே படி. தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிறேன், குற்றம் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறேன், அந்த இருட்டில் எனக்கு அது தெரியவில்லை பார்! அப்பா மெதுவாக, அப்போ என் கால் இல்ல, என்றார். மறுபடியும் என்னைப் பார்த்து, என் கால் இல்லடி, என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊரில் சொல்வோம், இங்கே கூடம் நிஜமாகவே கோணல். இத்தனை நாளாகத் தன் காலையே திட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

நான் அந்தப் படத்தைச் செயலாளர் முகத்துக்கு நேரே நீட்டினேன், படியிலும் போய் ஒரு அம்பு ஒட்டினேன். இரண்டே நாளில் கொத்தனார் வந்தார், பல்பும் வந்தது. சிமெண்ட் காய்ந்த மறுநாள் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நான் ஒரு படி முன்னால் நிற்க, அந்தப் படிவரை இறங்கி, அதில் இரண்டு காலையும் வைத்து நின்றுவிட்டு ஏறி வந்தார். வேர்த்துக் கொட்டியது, ஆனால் முகத்தைப் பார்க்கணுமே!

இனிமேல்தான் வேடிக்கை. நம் தெருக் கோடியில் புதிதாக ஒரு கட்டடம் எழும்புகிறது, வெளிச் சுவரை ஒட்டிக் கண்ணாடி லிஃப்ட் வைக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து உன் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலிலிருந்து படம் எடுத்தால் லிஃப்ட் தீப்பெட்டி அளவுகூட இல்லை, பெரிசாக்கினால் கலங்கிப்போகிறது. கம்பி எப்படிப் போகுதுன்னே தெரியல, ஒரு ஜூம் இருக்கா இதுல, நல்லா வாங்கிக் கொடுத்தா உன் மகள் என்று நான் வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க அர்ச்சனை. நீ செய்தது சரியாக இருந்தால் அவர் மகள், குறை இருந்தால் என் மகள், அது தெரிந்த கதைதானே. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை, கிட்டத் தெரியணும்னா கிட்டப் போங்க, கேமராவுக்கு ஜூம் இல்லேன்னா என்ன, உங்களுக்குக் கால் இருக்கில்ல, என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் செருப்பைத் தேடினார்.

இப்போது தினமும், சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வந்ததும், போகிறார் பாப்பா. கைத்தடி ஒரு கையில், கேமரா மறு மணிக்கட்டில். சட்டைப் பைக்குள் அடங்குகிற சைஸ் என்பது இதற்குத்தான் வசதி, பெரிய கேமராவாக இருந்தால் கழுத்தில் மாட்டி அவரையே இழுத்துச் சாய்த்திருக்கும். படத்தில் இலையின் பச்சையெல்லாம் அப்படியே இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. பேட்டரி சீக்கிரம் தீர்வதும் நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் இருட்டும் வரை வீடு திரும்ப மாட்டார். உன் அத்தை போன் பண்ணி, அண்ணனுக்கு இந்த வயசுல கேமரா தேவையா அண்ணி என்றாள். அண்ணனுக்குத் தேவைதான், உனக்குத்தான் இந்தக் கவலை தேவையில்லை என்றேன். போன செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிப் பெண் ஸ்கேலை வைத்தாள், நூற்றிரண்டு. என்ன மருந்து சாப்பிடுறீங்க சார் என்று கேட்டாள். இன்னும் மூன்று டிகிரி, கைவசம் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வந்துவிடும், எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு: கேமராவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஜூம் அம்பை நானே பிய்த்துப் போட்டுவிட்டேன். இப்போது ஒரு ரகசியம், முதல் தடவை படித்தபோது நானே கவனிக்கத் தவறியது. புத்தகத்தில் அறுபத்து நாலாம் பக்கத்தில் போட்டிருக்கிறது, பின்பக்கம் இருக்கும் சின்னப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் தூரத்தில் இருப்பது தானாகவே கிட்டத்தில் வந்துவிடுமாம். அப்பாவுக்குத் தெரியாது. விளக்கப் புத்தகத்தைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து என் லாக்கரில் பூட்டி வைத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் நான் கண்ணால் பார்த்தும் வாய் திறக்காமல் இருக்கும் ஒரே விஷயம் இதுதான். நீ போனில் உளறிவிடாதே, முக்கியமாக மாப்பிள்ளையிடம் சொல்லி வை, அவருக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. ஜூம் இல்லையாமே மாமா, அடடா, என்று வருத்தப்பட்டால் போதும்.

வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மணி அடித்துவிட்டது, சூப்பர்வைசர் பார்க்கிறாள், முடிக்கிறேன்.

இத்துடன் நாலு படம் வைத்திருக்கிறேன். வெளியே போனால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று நான் சொன்னதால், போய் நின்ற இடத்திலிருந்து திரும்பி நம் ஜன்னலைப் படம் எடுத்துக்கொண்டு வருவார், நானும் அவர் திரும்பும்வரை ஜன்னலில் நின்று கையாட்டிக்கொண்டிருப்பேன். முதல் படம் நம் வாசலிலிருந்து, அதில் நான் கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பதுகூடத் தெரியும். இரண்டாவது மருந்துக் கடையிலிருந்து, நகத்தளவு இருப்பேன். மூன்றாவது பஸ் நிறுத்தத்திலிருந்து, எறும்பு மாதிரி. நாலாவது நேற்று தெருக் கோடியிலிருந்து எடுத்தது, அதிலும் நான் ஜன்னலில்தான் நிற்கிறேன், கையையும் ஆட்டுகிறேன், ஆனால் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் என்னைக் காணவில்லை. அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறார் பாப்பா உன் அப்பா.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா